பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



காவிரிப் பாசனப் பகுதியில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாட்கள் முன்னதாகவே நிற்கும் பயிரினூடே உளுந்து தெளிப்பது வழக்கம். மண்ணில் மெழுகுப் பதம் இருக்கும்போதே விதை முளைத்துவிடுகின்றது. அறுத்தபின் உழுது விதைக்கும் காலமும் செலவும் மிச்சமாகின்றன. கல்வியிலும் இத்தகைய முறையைக் கையாளும் நாடு ஒன்று உண்டு. அதனைக் குறித்தே இன்று பேச விழைகின்றோம்.

அமெரிக்க நாட்டில் உயர்நிலைப் பள்ளி என்பது பெரும்பாலும் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளாகும். அங்கே கல்லூரிப் படிப்பை 'கிரெடிட்' என்னும் அலகால் அளக்கின்றனர். ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு 3 மணி நேரம் நடைபெறும் பாடத்திற்குப் பொதுவாக 3 கிரெடிட் உண்டு. ஏறத்தாழ 120 கிரெடிட் சேர்ந்தால் இளங்கலைப் பட்டம் கிட்டும். இவற்றுள் சிலவற்றைப் பள்ளி மாணாக்கராக இருக்கும்போதே ஈட்டிக்கொள்ள முக்கியமாக இரு வழிகள் உள.

முதலாவது, தேர்வு வழி. 'காலேஜ் போர்டு' என்னும் அமைப்பு 1956ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' தேர்வுகள் இவ்வகையின. பள்ளி ஆசிரியரே கல்லூரித் தரமான பாடத்தைக் கற்பிப்பார். ஆண்டிறுதியில் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு நடக்கும். 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. 3 பெற்றால் பல கல்லூரிகள் கிரெடிட் வழங்கும். சில 4 அல்லது 5 கேட்கும்.

இரண்டாவது, கல்லூரியிலேயே பெயர் பதிவு செய்து பயிலுவது. இதற்கென மின்னசோட்டா மாநிலம் 1985ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, ஏனைய மாநிலங்களுக்கு வழிகாட்டிற்று. 11, 12ஆம் வகுப்பு மாணாக்கர் கல்லூரிப் பாடம் பயில்வர். அப்பாடம் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் ஒருங்கே சேரும். கல்விக் கட்டணத்தையும் பாடநூற் செலவையும் மாநில அரசு ஏற்கின்றது. கல்லூரி தொலைவில் இருப்பின், தகுதியுடைய பள்ளி ஆசிரியரைக் கல்லூரி ஏற்று, கிராமத்துப் பள்ளியிலேயே பாடம் நடத்தச் செய்வதும் உண்டு.

ஆயினும், பதம் தவறி விதைத்தால் விதையும் வீணாகும் அன்றோ? அங்கே 16 வயதில் வாங்கிய கல்லூரி மதிப்பெண் நிலையான பதிவேட்டில் ஏறிவிடும். தவறினால் அதுவும் பின்தொடரும். ஒரு கல்லூரி தந்த கிரெடிட்டை மற்றொன்று ஏற்க மறுத்தலும் உண்டு. அப்போது பட்ட பாடு பயனற்றுப் போகும். மேலும், கல்லூரிப் பாடம் நடத்த ஆசிரியர் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். சிற்றூர்ப் பள்ளிகளில் அத்தகையோர் கிடைப்பது அரிது. ஆகவே நகரத்துப் பிள்ளைக்குக் கிட்டும் வாய்ப்பு நாட்டுப்புறப் பிள்ளைக்கு எளிதில் கிட்டுவதில்லை.

இதில் நாம் அறிய வேண்டுவது யாது? பிள்ளை ஒருமுறை கற்றதற்கு மறுமுறை காலமும் பணமும் செலவிடலாகாது என்பதே. நம் மாநிலத்திலும் இக்கருத்தை ஒட்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. உரிய பாடங்களுடன் 12ஆம் வகுப்பு தேறியவரும், இரண்டாண்டு ஐ.டி.ஐ. படிப்பு முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ பெற்றவர் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதனை அறியாத பெற்றோர் முதலாண்டிலேயே பிள்ளையைச் சேர்த்து, ஓராண்டுக் காலத்தையும் ஓராண்டுச் செலவையும் இழக்க நேரிடும். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடியானவனுக்கு அது சிறு இழப்பன்று.

ஆதலின் பிள்ளையைச் சேர்க்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதுவரை கற்றதில் எதைக் கணக்கில் கொள்வீர்கள்? எந்த ஆண்டில் சேர்ப்பீர்கள்? இங்குப் பெறும் சான்றை வேறு நிறுவனம் ஏற்குமா? இவற்றிற்கு விடையை எழுத்து மூலம் பெறுதல் நலம். பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் ஊராட்சி உறுப்பினர்கள், தேர்வு முடிவுகள் வெளிவருமுன்னரே பெற்றோரைக் கூட்டி இச்செய்தியை எடுத்துரைத்தல் வேண்டும். விதைக்கும் நாளை ஊருக்கு ஊர் சொல்லி வைக்கும் நாம், பிள்ளைகளின் பருவத்தையும் தவறவிடாது காப்போமாக.