சத்திரத்துப் பிள்ளைகள்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற வழியில் ஒரத்தநாடு. அங்கே இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. சத்திரம் என்றால் வழிப்போக்கருக்குச் சோறு போடும் இடம், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். தஞ்சைச் சத்திரங்கள் அதற்கும் மேலே போயின.

1799இல் தஞ்சையின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது. சத்திரங்களையாவது தன் பொறுப்பில் விட்டுவைக்கும்படி கேட்டு, 1801இல் சரபோஜி கும்பினியின் பிரதிநிதியான ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். ஆதரவற்ற குழந்தைகளை ஆசிரியர் பொறுப்பில் ஒப்படைப்பார்கள். மூன்று வேளை சாப்பாடு, துணிமணி, நோய் வந்தால் மருந்து. நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல்கூட உண்டு! விரும்பிய கல்வியைக் கற்றுத் தேறியதும் கல்யாணச் செலவும் சத்திரத்துடையது. வழியில் வந்த கர்ப்பிணி அங்கே பிரசவித்தால், மூன்று மாதம் தங்கலாம்.

அந்த மூன்று மாதம்தான் என் மனதைத் தொடுகிறது. பிள்ளை பெற்றவளின் உடம்பு தேற எவ்வளவு காலம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் வகுத்த கணக்கு அது.

இதற்கெல்லாம் பணம், மானியமாக விட்ட நிலங்களின் விளைச்சலிலிருந்து வந்தது. இன்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது வருஷா வருஷம் போடும் கணக்கு; ஒரு குழந்தை வளர்ந்து ஆளாகப் பதினைந்து வருஷமாவது ஆகும். காவிரி டெல்டாவில் காப்பகமும் மாலை வகுப்பும் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பவர்கள், அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும்.