ஒரு தவறான ரீடிங்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையின் மாலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து "நீ ஒரு பத்து நிமிஷம் பேசணும்" என்றபோது, பாய்லரைப் பற்றியா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். "அதெல்லாம் வேண்டாம்ப்பா. கிட்னி ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. நம்ம ஆளுங்க ரெண்டு மூணு பேர் வீட்ல இந்தப் பிரச்சினை ஓடிக்கிட்டிருக்கு" என்றார். அதனால்தான் நிற்கிறேன்.

முன்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கேம்பஸில் வேலை கிடைத்து மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதே ரத்த அழுத்தம் 160/100 இருந்தது. டென்ஷன் என்றார்கள், நானும் டென்ஷன் என்றேன். 21 வயதில் யாருக்கு பி.பி. வரும்? கால் வீங்கி, மூச்சு வாங்கி, உண்மை தெரிய வந்தபோது இரண்டு சிறுநீரகமும் கிட்டத்தட்டப் போய்விட்டன. 14 மாதம் டயாலிசிஸ். 2022 ஆகஸ்டு கடைசியில் என் அம்மாவின் இடது சிறுநீரகத்தை எடுத்து என் வலது அடிவயிற்றில் வைத்தார்கள். பழைய இரண்டையும் எடுக்கவில்லை, பெரும்பாலும் எடுப்பதில்லையாம். ஆக இப்போது என் உடம்பில் மூன்று இருக்கின்றன, வேலை பார்ப்பது ஒன்று. அரசாங்க அலுவலகம் மாதிரி என்று என் ரூம்மேட் சொன்னான்.

அம்மா ஐந்தாம் நாளும் நான் பத்தாம் நாளும் வீட்டுக்கு வந்தோம். வீடு என்றால் சொந்த ஊர் வீடு அல்ல. முதல் மூன்று மாதம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால், மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே சென்னையில் ஒரு சின்ன வாடகை வீடு. அதில் இரண்டு நோயாளிகள், ஒரு நர்ஸ். நர்ஸ் என் மனைவி. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களையெல்லாம் அங்கேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார். சளி, இருமல் உள்ளவர் யாரும் உள்ளே வரக்கூடாது. கொரோனா புண்ணியத்தில் மாஸ்க் என்றால் எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் சிலருக்கு மனத்தாங்கல்தான். குற்றாலம் பக்கத்திலிருந்து வந்த மாமா, தன் வீட்டு மரத்துப் பம்பளிமாஸ் பழம் நாலைத் துணிப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். உலகத்தில் எத்தனையோ பழம் இருக்க, எனக்கு வேண்டாம் என்று டாக்டர் பெயர் சொல்லி விலக்கியது அந்த ஒரு பழ ஜாதியைத்தான். நான் சாப்பிடும் மாத்திரையின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும். மாமா நம்பவே இல்லை. "பழம் என்னடா பண்ணும்?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்தவனுக்கு முதல் அதிசயம் தண்ணீர்தான். டயாலிசிஸ் காலத்தில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதில் காப்பியும் ரசமும் சேர்த்தி. நாக்கு வறண்டால் ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொள்வேன். சிறுநீர் என்பது கடைசிக் காலத்தில் மறந்தே போயிருந்தது. இப்போதோ மூன்று லிட்டர் குடித்தே ஆகவேண்டும். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர், அளவு போட்ட பாட்டில். முதல் நாள் இரவு ஏழு தடவை எழுந்தேன். ஏழு தடவையும் சந்தோஷமாக எழுந்தேன். பெண்கள் இருக்கும் சபையில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை.

மற்றபடி, சினிமாவில் காட்டுவது போல ஆபரேஷன் முடிந்ததும் சுபம் போட்டுவிட முடியாது. மாத்திரையால் கை நடுங்கும், சட்டைப் பொத்தான் போட இரண்டு நிமிடம் ஆகும். ஸ்டீராய்டால் தூக்கம் வராது, நடுராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கும், முகம் உப்பும். வீடியோ காலில் பார்த்தவனெல்லாம் "நல்லா சதை போட்டுட்டியேடா!" என்றான். சிறுநீர்க் குழாயில் வைத்திருந்த ஸ்டென்ட்டை நாலாவது வாரம் எடுத்தார்கள். கனமான பொருள் தூக்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. தலைவலி என்று தானாக ஒரு வலி மாத்திரை வாங்கிப் போடக்கூடாது, நாட்டு மருந்தும் கூடாது.

மாத்திரைதான் மையம். அடுத்தவர் உறுப்பை உடம்பு அந்நியன் என்று கண்டுகொண்டு தாக்கும். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, உருவம் ஒத்த இரட்டையர்களுக்குள் நடந்தது. அந்த உடம்புக்கு வித்தியாசம் தெரியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் உடம்பின் கண்ணைக் கட்டியாக வேண்டும். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1971-இல் இந்தச் சிகிச்சை வெற்றி பெற்ற காலத்தில் அதற்கான மருந்துகள் குறைவு. நான் சாப்பிடும் டாக்ரோலிமஸ், ஜப்பானில் சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஒரு பொல்லாத மருந்து. அளவு குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கும், கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் காலை எட்டு, இரவு எட்டு, 12 மணி நேர இடைவெளி. ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க, முதல் நாள் இரவு போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் மாத்திரை. நம் பாஷையில் சொன்னால், ரீடிங் எடுக்கும் நேரம் தப்பினால் ரீடிங்கே தப்பு.

இப்போது ரீடிங்குக்கு வருகிறேன். எங்கள் தெர்மல் லேப் சார் முன்வரிசையில் இருக்கிறார், அவர் மன்னிக்க வேண்டும். டீசல் எஞ்சின் ஹீட் பேலன்ஸ் சோதனையில் நாங்கள் பாதி ரீடிங்தான் எடுத்தோம். மீதியை சீனியர் ரெகார்டு நோட்டைப் பார்த்து 'குக்' பண்ணினோம். கூட்டல் நூறு வரவில்லை என்றால் 'கணக்கில் வராத இழப்பு' என்று ஒரு வரி உண்டு, அதில் தள்ளிவிடுவோம். எனக்கு 20-க்கு 18 போட்டார்.

வீட்டிலும் ஒரு நோட்டு இருந்தது. காலையில் எடை, குடித்த தண்ணீர், போன சிறுநீர், இரண்டு வேளை ரத்த அழுத்தம், காய்ச்சல் அளவு. ஐந்து வாரம் என் மனைவி எழுதினாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, விடுப்பு முடிந்து ஆறாவது வாரம் வேலைக்குத் திரும்பினாள். நோட்டு என் கைக்கு வந்தது. பழைய வித்தை வேலை செய்தது. நேற்று 61.4 என்றால் இன்று 61.5. எடை பார்க்கும் மெஷின் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். ரத்தப் பரிசோதனை நாள். இரவெல்லாம் தூங்காமல் விடிகாலையில் கண்ணயர்ந்தவன், எட்டு மணி அலாரத்துக்கு எழுந்து பழக்கத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டேன். விழுங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒன்பதரைக்கு லேப்பில் போய் உட்கார்ந்தேன். ரத்தம் எடுக்கும் பெண் "மாத்திரை போட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றேன். உண்மையைச் சொன்னால் மறுநாள் திரும்ப வரவேண்டும், ஆட்டோ பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

வழக்கமாக 9, 10 என்று வரும் அளவு அன்று 19 வந்தது. டாக்டர் போனில் கேட்டார்: "டைம் சரியாத்தானே ரத்தம் குடுத்தீங்க?" "ஆமா டாக்டர்." வேளைக்கு மூன்று மில்லிகிராமாக இருந்ததை இரண்டாகக் குறைத்தார். கை நடுக்கம் குறையும் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி வேறு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்த தம்பிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்சார் பொய் சொன்னால் கன்ட்ரோலர் என்ன செய்யும்? சரியாகத்தான் செய்யும், தப்பான பக்கமாக.

அந்த வாரம் சிறுநீர் கொஞ்சம் குறைந்தது. நோட்டில் குறையவில்லை. அடுத்த பரிசோதனையில் மருத்துவமனை மெஷினில் ஏறி நின்றால் 63.3. என் நோட்டில் 61.6. கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.8. மாத்திரை அளவு ஐந்துக்கும் கீழே. அன்றே அட்மிட் செய்து, ஊசி செலுத்தித் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். பயாப்ஸி முடிந்தால் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். மேலே மின்விசிறியைப் பார்த்தபடி ஆறு மணி நேரம் கிடந்தேன். உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கியிருந்தது.

டாக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே நின்றார். அப்போதுதான் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு போன்ல முடிஞ்சிருக்கும்" என்றார், அவ்வளவுதான். ஒருவேளை அந்தப் பொய் இல்லாமலும் இது வந்திருக்கலாம், முதல் மாதங்களில் வரக்கூடியதுதான் என்றும் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

மாலையில் அம்மா வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பற்றி இதுவரை நான் சொல்லாததே, நாங்கள் எல்லோரும் அவளை எப்படி வைத்திருந்தோம் என்பதற்குச் சாட்சி. வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் விசாரித்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் எனக்கு, ஆப்பிள் எனக்கு. அவளுக்கும் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். இரண்டாம் வாரமே தண்ணீர்க் குடத்தைத் தூக்கியிருக்கிறாள், வலியைச் சொல்லவில்லை. தைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரம் நின்றதை என் மனைவி பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நம் நாட்டில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கொடுப்பவர் வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "நான் வயசான கிட்னியக் குடுத்துட்டேனோய்யா?"

அன்றைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "அதெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். மூன்று நாள் ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கிரியேட்டினின் இறங்க ஆரம்பித்த பிறகுதான், மாத்திரை விழுங்கியது, லேப்பில் சொன்னது, நோட்டில் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு "அந்த நோட்ட எங்கிட்டக் குடு" என்றாள்.

அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவள். அன்று முதல் நான் எடை மெஷினில் ஏறும்போது குனிந்து பார்த்து அவளே எழுதினாள். அவள் போடும் நாலு ஒன்பது மாதிரி இருக்கும், டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். பரிசோதனை அன்று என் மாத்திரை டப்பா அவள் இடுப்பில் இருக்கும், ரத்தம் எடுத்த பஞ்சைக் காட்டினால்தான் தருவாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். கிரியேட்டினின் 1.3-இல் நின்றது. 1.1-க்குத் திரும்பவே இல்லை. அம்மாவுக்கும் வருடா வருடம் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் பார்க்கிறோம். என் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அவள் தேதி வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்தில் யார் வீட்டிலாவது இது நடந்துகொண்டிருந்தால் வெளியே என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள், எந்த மாத்திரையை எதோடு சேர்க்கக்கூடாது என்பது வரை பேசலாம். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எடை சட்டென்று ஏறினாலோ, வைத்த இடத்தில் வலித்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் போன் செய்யச் சொல்லுங்கள். தம்பிகளே, மாடியில் மெடிக்கல் கேம்ப் போட்டிருக்கிறார்கள், பி.பி. பார்த்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். கூட்டம் இல்லை, நான் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன்.

சார், அந்த 20-க்கு 18-ஐ நீங்கள் இப்போது குறைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மணி ஏழு ஐம்பத்தைந்து. எட்டு மணிக்கு மாத்திரை, அம்மா போன் செய்வாள். அமர்கிறேன்.