முத்துப் பாரும் கடற் கல்வியும்

பள்ளிக்கூடத்தில் உயிரியலை விரும்பிப் படித்த மாணவர் சிலர் பல்கலைக்கழகத்தில் கடலுயிரியலைத் தெரிந்தெடுக்கின்றனர். பவளமும் கடற்குதிரையும் திமிங்கிலமும் அவர்கள் மனத்தைக் கவர்ந்திருக்கும். ஆனால், வகுப்பிற் புகுந்ததும் அவர்கள் முன் வைக்கப்படுவன வேறு: காற்றின் வேகம், நீரோட்டத்தின் திசை, நீரின் உவர்ப்பு, அடித்தரையின் சரிவு, இவற்றையெல்லாம் கணிப்பதற்கு வேண்டிய கணிதம். உயிர்களைக் கற்க வந்தவர்க்கு இவை எதற்கு என்ற மனக்குறை எழுவது இயல்பே. சிலர் அக்குறையோடு பாடத்தையே கைவிடவும் எண்ணுகின்றனர். அவர்கள் வினாவுக்குரிய விடை மன்னார்க் கடலின் அடியிலே கிடக்கிறது.

மன்னார் வளைகுடாவின் முத்து பன்னெடுங்காலமாகப் புகழ் பெற்றது. கடலடியிற் சிப்பிகள் படிந்து வளரும் மேட்டுத் தரைகளைக் குளியாட்கள் 'பார்' என்று வழங்கினர். பாரின் இயல்பு விசித்திரமானது. ஓராண்டிற் சிப்பிகள் மலிந்து கிடக்கும். மறு ஆண்டிற் சென்று பார்த்தால் வெறுந்தரையே எஞ்சியிருக்கும். 1891ஆம் ஆண்டிலே முத்துக்குளிப்பு நடைபெற்ற பின், 1903 வரையும் சலாபம் கூடவேயில்லை. அரசாங்கத்துக்கு வருவாய் போயிற்று. குளியாட்களுக்கும் சம்மாட்டிகளுக்கும் பிழைப்புப் போயிற்று. சிப்பிகள் எங்கே மறைந்தன என்பதை எவராலும் திட்டமாகக் கூற இயலவில்லை.

இதனை ஆராய்வதற்காக, லிவர்ப்பூலில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியராயிருந்த வில்லியம் ஹெர்ட்மன் அழைக்கப்பட்டார். அவர் 1858இல் எடின்பரோவிலே பிறந்தவர். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்த 'சலஞ்சர்' கப்பல் திரட்டி வந்த உயிரினங்களுள் ஒரு வகுப்பை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர். 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் உதவியாளருடன் அவர் இலங்கைக்கு வந்தார். இருவரும் 'லேடி ஹவலொக்' என்ற நீராவிக் கப்பலில் ஏறிப் பார்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர்.

அவற்றுள் முதன்மையானது பெரியபார். கரையிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவிலே, வடக்குத் தெற்காக 11 கடல் மைல் நீண்டு கிடப்பது அது. குளியாட்கள் அதனைத் தாய்ப்பார் என்று கருதினர். சிறு சிப்பிகள் அங்கே தோன்றிப் பின்னர் ஏனைய பார்களுக்குக் குடிபெயர்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. 1880க்குப் பின் பதினொரு முறையேனும் அப்பாரிலே சிறு சிப்பிகள் நிறைந்திருந்தன. ஒருமுறையேனும் அவை குளிப்புக்குரிய வளர்ச்சி பெறவில்லை. 1902 மார்ச்சு மாதத்தில் ஹெர்ட்மனும் ஹோர்னெலும் அங்கே கண்ட இளஞ்சிப்பிகள் 10,000 கோடிக்குக் குறையா என்று கணிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலே ஹோர்னெல் மீண்டும் சென்று பார்த்தார். சிப்பிகள் யாவும் மறைந்துவிட்டன.

இந்த மறைவுக்குச் சிப்பியின் உடலை அறுத்துப் பார்த்து விடை காண முடியாது. பெரியபாரின் மேற்கு விளிம்பிலே கடல் பத்துப் பாக ஆழமுடையது. அதற்கு அப்பால் தரை செங்குத்தாகச் சரிந்து, மிக அண்மையிலேயே நூறு பாக ஆழத்தை எட்டுகிறது. தென்மேற்கிலே நெடுந்தொலைவு வரையும் பரந்த கடலே உள்ளது. சோளகம் கிளம்பியதும் அந்நெடுந்தொலைவைக் கடந்து உருண்டு வரும் அலைகள் பாரின் மீது மோதுகின்றன. மணல் பெயர்ந்து இளஞ்சிப்பிகளை மூடுகிறது. மூடப்படாதவை சரிவுக்கு அப்பால் ஆழத்துள் அள்ளிச் செல்லப்படுகின்றன. மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையில் நிகழ்ந்தது இதுவே என்று அறிஞர் முடிவு செய்தனர்.

குளியாட்கள் கண்ட காட்சி பொய்யன்று. பெரியபாரிற் சிறு சிப்பிகள் மிகுதியாகத் தோன்றுவதும் பின்பு மறைவதும் உண்மையே. அவை வேறு பார்களுக்குக் குடிபெயர்ந்தன என்ற விளக்கமே பிழையானது. சிப்பிக் குஞ்சு பிறந்த சில வாரங்கள் நீரோட்டத்தின் வசப்பட்டு மிதந்து திரிகிறது. அதன் பின்னர் நூல் போன்ற இழைகளாலே தரையைப் பற்றிக்கொண்டால், ஒரு பாரிலிருந்து மற்றொரு பாருக்குச் செல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. கடலோடு வாழ்பவர் கண்டதைக் கேட்டறிவது மாணவரின் முதற் கடமை. அவர் கூறும் காரணத்தைச் சோதித்தறிவது இரண்டாவது கடமை.

காரணம் புலனானதும் பரிகாரமும் புலனாயிற்று. சோளகம் தொடங்குமுன், பெரியபாரின் இளஞ்சிப்பிகளை வாரிக் கரைக்கு அண்மையிலுள்ள பாதுகாப்பான பார்களிலே இடவேண்டும் என்று ஹெர்ட்மன் பரிந்துரைத்தார். சிப்பிகள் பற்றிக்கொள்வதற்குக் கற்களைத் தூவவும், சிப்பியைத் தின்னும் நட்சத்திர மீன்களை அகற்றவும் யோசனை கூறினார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

ஆயினும் அறிஞர் கூறிய யாவும் நிலைத்துவிட்டன என்று எண்ணுதல் தவறு. திருக்கை மீனின் குடலில் வாழும் நாடாப்புழுவின் இளம் பருவமே சிப்பியுள்ளே முத்தாகிறது என்று ஹெர்ட்மனும் ஹோர்னெலும் கருதினர். பிற்கால ஆராய்ச்சி அக்கருத்தை முத்தின் பொதுக் காரணமாக ஏற்கவில்லை. அவ்வாறே, 1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. 1906இல் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கும் விடப்பட்டன. ஆனால் 1907க்குப் பின் பார்கள் மீண்டும் வறிதாயின. அடுத்த குளிப்பு 1925 வரையும் காத்திருக்க நேர்ந்தது. கடலை அறிவது ஒன்று; அதனை ஆள்வது மற்றொன்று. இவ்வேறுபாட்டை உணராத கல்வி முழுமை பெறாது.

மன்னாரிற் சிப்பியைத் தேடிய பேராசிரியர் பின்னாளிலே செய்த செயல் ஒன்று கருதத்தக்கது. 1919ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்திலே சமுத்திரவியலுக்கெனத் தனியான பேராசிரியர் பீடம் நிறுவுவதற்கு ஹெர்ட்மனும் அவர் மனைவியாரும் பொருளுதவி செய்தனர். பிரித்தானியாவில் அத்துறைக்கு அமைந்த முதற் பீடம் அதுவே. அதன் முதற் பேராசிரியரும் அவரே. வாழ்நாள் முழுதும் உயிர்களை ஆராய்ந்த ஒருவர், உயிர்களை மட்டும் கற்பது போதாது என்பதற்குத் தம் பொருளாலேயே சான்று பகர்ந்தார்.

இக்காலப் பாடத்திட்டத்தின் பொருளும் இதிலிருந்து விளங்கும். சமுத்திரவியலைப் பௌதிகம், இரசாயனம், உயிரியல், புவிச்சரிதவியல் என நான்கு பிரிவாகக் கற்பிப்பர். கடல்நீர் ஒரு கிலோகிராமிலே சராசரி 35 கிராம் உப்பு உண்டு. பேராறுகள் பல வந்து கலப்பதாலே வங்காள விரிகுடாவின் மேல்நீரில் உவர்ப்புக் குறைகிறது. உவர்ப்பும் வெப்பநிலையும் நீரின் அடர்த்தியை நிர்ணயிக்கும். அடர்த்தி நீர்ப்படைகள் கலப்பதையும் கலவாது நிற்பதையும் நிர்ணயிக்கும். கலப்பினாலே ஆழத்திலுள்ள ஊட்டப் பொருள்கள் மேலேறினால் கண்ணுக்குப் புலனாகா நுண்தாவரங்கள் செழிக்கும். அவற்றை நுண்விலங்குகளும், நுண்விலங்குகளை மீன்களும் உண்ணும். ஆகவே, வலையில் விழும் மீனின் கதை காற்றிலிருந்து தொடங்குகிறது. அக்கதையின் முற்பகுதியை விட்டுப் பிற்பகுதியை மட்டும் படிப்பவர், பெரியபாரின் நவம்பர்க் காட்சியைக் கண்டு திகைப்பவராகவே நிற்பார்.

இக்கல்விக்கு வாய்ப்பு இலங்கையிலேயே உண்டு. மாத்தறையிலுள்ள றுகுணுப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடிக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் உரிய பீடம் ஒன்று இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் கற்பிக்கப்படுகிறது. சமுத்திரப் பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. நீர்வாழ் வளங்களை ஆராய்வதற்கென 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய நிறுவனமும் கொழும்பிலே பணியாற்றுகிறது.

இத்துறையிற் புக விரும்பும் பிள்ளைகளுக்குப் பெற்றோரும் ஆசிரியரும் கூறவேண்டிய அறிவுரை இதுவே: உயிர்களிடத்து உள்ள அன்பு இக்கல்விக்கு வாயில், கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் அவ்வாயிலைக் கடந்து உள்ளே நடத்திச் செல்லும் கால்கள். அவற்றோடு படகேறும் துணிவும், கண்டதைக் கண்டவாறே குறித்துவைக்கும் பொறுமையும், கரையோர மக்கள் கூறுவதைக் காதுகொடுத்துக் கேட்கும் பணிவும் வேண்டும். மன்னாரின் பார்கள் இன்றும் கடலடியிற் கிடக்கின்றன. சோளகமும் ஆண்டுதோறும் அவற்றின் மேல் வீசுகின்றது. அவை தம் கதையை முழுவதும் இன்னும் கூறி முடிக்கவில்லை. எஞ்சியதைக் கேட்டறியும் பொறுப்பு, இந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இன்று உயிரியற் புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் மாணவ மாணவியரையே சாரும்.