துண்டறிக்கை யாருக்காக?



அறப்பணி அமைப்பு ஒன்றில் மூன்று மாதம் பயிற்சி மாணவனாக இருந்தேன். பிறப்புப் பதிவு பற்றித் துண்டறிக்கை தயாரிப்பது என் வேலை. அழும் சிறுவனின் படம், "நாடற்ற பிள்ளைகள்" என்று பெரிய தலைப்பு. நன்றாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அடுக்குமாடி வீடொன்றில் ஒரு தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவமாத்தான் இருக்கு தம்பி. ஆனா, எங்க போகணும், என்ன செய்யணும்னு இதுல இல்லையே?" என்றார். அவர் மகனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை.

அன்றிரவே படத்தை எடுத்துவிட்டு மூன்று செய்திகளைப் பெரிய எழுத்தில் போட்டேன்.

தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும்.

கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே அமையும். தாய் வெளிநாட்டவர் என்றால், தந்தை மலேசியராக இருந்தும் பிள்ளைக்குச் சிக்கல்தான்.

கெடு கடந்தாலும் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

12 வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் பல பெற்றோருக்கு இந்தச் சிக்கல் தெரிய வருகிறது. அதுவரை காத்திருக்கலாமா?

அந்தத் தாயுடன் இலாகாவுக்குப் போனோம். விண்ணப்பம் கொடுத்தாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. விடப்போவதில்லை.

கணினியும் வரைகலையும் கற்ற நண்பர்களே, நம் மக்களின் கண்ணீரைக் காட்டியது போதும். வழியைக் காட்டுங்கள். எதையும் அச்சுக்கு அனுப்புமுன், அது யாருக்காகவோ அவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.