கணிதம் கற்கப் புறப்படும் தங்கையருக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர மாணவியருக்காக நடைபெற்ற உயர்கல்வி வழிகாட்டற் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கணிதப் பட்டப்படிப்பைப் பற்றிப் பேச ஒரு வைத்தியர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். உயிரியல் பிரிவில் படித்த நாங்கள் சாதாரண தரத்தோடு கணித பாடத்தை விட்டு வந்தவர்கள். ஆயினும் தொழிலுக்கு வந்தபின் அது நாள்தோறும் எங்கள் மேசைக்கு வருகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறோம். ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பரிசோதனை அந்தப் பத்துப் பேரில் 9 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோயில்லாத 990 பேரில் பத்திலொரு பங்கினரை, அதாவது 99 பேரை, நோயுள்ளவர் என்று பிழையாகக் காட்டுகிறது. இப்போது முடிவுத்தாளோடு ஒரு தாய் அழுதுகொண்டு வருகிறார். அவருக்கு நோய் இருக்கும் நிகழ்தகவு என்ன? 90 வீதம் என்றுதான் பலரும் சொல்வார்கள். கூட்டிப் பாருங்கள். நோய் என்று காட்டப்பட்டவர்கள் 108 பேர். உண்மையில் நோயுள்ளவர்கள் 9 பேர். பன்னிரண்டில் ஒருவர்தான்! அந்தத் தாய்க்கு அடுத்த பரிசோதனை தேவை; ஆனால் அன்றிரவு அவர் நித்திரை கொள்ளலாம். இதற்கு அடிப்படையான பேயிசின் தேற்றம் 1763 இல், அவர் இறந்தபின், வெளியானது. வைத்தியரல்லாத ஒருவரின் கணிதம் இன்றும் எங்கள் சிகிச்சை அறையில் வேலை செய்கிறது.

இப்படியான பாடத்தைத்தான் எங்கள் சமூகம் இரண்டாம் தெரிவாக வைத்திருக்கிறது. கணிதப் பிரிவென்றால் எஞ்சினியரிங்; அது கிடைக்காவிட்டால் மட்டும் விஞ்ஞான பீடம். இசட் புள்ளி வந்த அன்று எங்கள் காலத்து வீடுகளில் கேட்ட பேச்சு இது. இன்றும் கேட்கிறது. விரும்பிக் கணிதத்தைத் தெரிவுசெய்யும் பிள்ளையையும் தோற்றவள்போல நடத்துவது அநியாயம்.

அந்தப் பட்டப்படிப்பு இலகுவானதும் அல்ல. பாடசாலையில் வகையீடும் தொகையீடும் செய்து விடை காண்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் அந்த விடை ஏன் சரி என்று நிறுவ வேண்டும். எல்லை என்றால் என்ன என்ற வரைவிலக்கணத்திலிருந்தே மீண்டும் தொடங்குவார்கள். உயர்தரத்தில் 'ஏ' எடுத்தவர்களும் முதலாம் வருடத்தில் திகைப்பதுண்டு. தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்பது அதற்கு மேலொரு சுமை. அது உங்கள் மூளையின் குறையல்ல; எல்லோரும் ஏறும் படி அது. பொதுப்பட்டத்துக்கு மூன்று ஆண்டுகள், சிறப்புப்பட்டத்துக்கு நான்கு. அதன்பின் புள்ளிவிபரவியல், காப்புறுதிக் கணிப்பு, வங்கி, கணினி, மருத்துவ ஆய்வு எனப் பல கதவுகள் உண்டு.

அவற்றுள் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அது ஆசிரியம். பட்டம் பெற்றபின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யலாம். தேசிய கல்வியியற் கல்லூரி வழியாகவும் கணித ஆசிரியராகலாம். கணிதம் தெரிவது வேறு, ஒரு பிள்ளை எந்த வரியில் தடுமாறுகிறாள் என்று கண்டுபிடிப்பது வேறு. கணிதக் கல்வி என்ற துறை இந்த இரண்டாவதைக் கற்பிக்கிறது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாவிட்டால் மேற்படிப்பின் பாதை கடினமாகிறது. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் வைத்தியராகக்கூடிய பிள்ளையும் அங்கேயே நின்றுவிடுகிறாள்.

2014 இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதற் பெண் மரியம் மிர்சாகானி. தெஹ்ரானில் ஒரு பெண்கள் பாடசாலையில் படித்தவர். ஆண்கள் பாடசாலையில் நடந்ததுபோன்ற கணித வகுப்பு தங்களுக்கும் வேண்டுமென்று அவரும் தோழியும் கேட்டபோது, அதிபர் அதை ஒழுங்குசெய்து கொடுத்தார். பிள்ளை கேட்டாள், பாடசாலை செய்தது.

எமது கல்லூரியின் இரண்டாவது நூற்றாண்டில் இதுவே நாங்கள் கேட்பது. பெற்றோரே, மகள் கணிதம் என்றால் 'வேறு ஒன்றும் கிடைக்கவில்லையோ' என்று கேளாதீர்கள். கணிதம் கற்ற பழைய மாணவியரே, மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது இந்த வகுப்பறைகளுக்கு வாருங்கள். தங்கையரே, விளங்காததைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வைத்தியர்களாகிய நாங்கள் உங்கள் கணக்கை நம்பித்தான் மருந்து கொடுக்கிறோம்.