வெள்ளியும் அதன் முத்திரையும்

தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அருகே, தீர்த்தமலை என்னும் சிவத்தலம் இருக்கிறது. மலைமேல் பாறையிலிருந்து இராம தீர்த்தம் வீழ்கின்றது. அதனை ஒரு சொம்பில் பிடித்து வீட்டிற்குக் கொண்டுபோவது அவ்வூராரின் வழக்கம். மலையடிவாரத்தில் இருந்த எங்கள் வீட்டிலும் அதற்கென ஒரு வெள்ளிச் சொம்பு இருந்தது. இன்று அது இல்லை. அது ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு. மாணவர்களாகிய உங்களுக்கு அது பயன்படும் என்று எண்ணுகிறேன்.

எங்கள் வீட்டில் பழைய பாத்திரங்கள் இரண்டு இருந்தன. ஒன்று அந்தச் சொம்பு. அதில் வேலைப்பாடு எதுவும் கிடையாது. அடியில் பாட்டனாரின் பெயரின் முதலெழுத்து மட்டும் உளியால் வெட்டப்பட்டிருந்தது. மற்றொன்று ஒரு பால் ஜாடி. யாரோ ஒரு துரை ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துச் சென்றது என்பது குடும்பத்தில் வழங்கிய கதை. அதன் அடியில், கேடயம் போன்ற சிறு கட்டங்களுக்குள், வரிசையாக நான்கு முத்திரைகள் இருந்தன.

நான் கல்லூரியில் படித்த காலத்தில், ஆங்கிலேயரின் வெள்ளி முத்திரைகளைப் பற்றி ஏதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த முறை உண்மையிலேயே வியப்புக்குரியது. 1300-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னர், குறிப்பிட்ட தரத்திற்குக் குறைந்த வெள்ளியை விற்கலாகாது என்று சட்டம் செய்தார். சோதித்துத் தேறிய பொருளுக்குச் சிறுத்தையின் தலை முத்திரையாயிற்று. 1478 முதல் இலண்டன் பொற்கொல்லர்கள் தம் பொருள்களைத் தங்கள் சங்கத்தின் மண்டபத்திற்கே கொண்டுவந்து முத்திரை பெறலாயினர். மண்டபத்தை ஆங்கிலத்தில் 'ஹால்' என்பர். 'ஹால்மார்க்' என்ற சொல் அதிலிருந்து பிறந்தது.

இம்முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பாத்திரம் தன் சாதகத்தைத் தானே சொல்லும். நடந்து செல்லும் சிங்கம் இருந்தால், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். அதை அடுத்து ஊரின் அடையாளம்: இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு அந்நாளில் கிரீடம். ஆண்டுக்கு ஓர் எழுத்து. இலண்டனில் அந்நாளில் இருபது எழுத்துகள் முடிந்ததும், எழுத்தின் வடிவையும் கேடயத்தின் வடிவையும் மாற்றி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். ஆகவே எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆண்டு விளங்கும். செய்தவரின் பெயரெழுத்துகள் வேறு. அரசரின் தலை பொறித்திருந்தால், 1784-க்கும் 1890-க்கும் இடையில் வரி செலுத்திய பொருள் என்று அறியலாம்.

இவ்வளவும் படித்த எனக்கு நான்கு கேடயங்களைக் கண்டதும் ஐயமே எழவில்லை. அவற்றுள் இருந்த எழுத்துகள் நுணுக்கமானவை, கொடிபோல் சுருண்டவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. "இது இலண்டன் வெள்ளி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவ்வாண்டு கல்லூரிக் கட்டணத்திற்குப் பணம் போதவில்லை. இரண்டில் ஒன்றை விற்பது என்று முடிவாயிற்று. முத்திரை இல்லாத சொம்பையே விற்கலாம் என்று நான் சொன்னேன்.

பாட்டியார் சொம்பைக் கையில் எடுத்து ஒரு முறை பார்த்தார். "முத்திரை இல்லாவிட்டால் என்ன, கண்ணு? உன் அப்பன் பிறந்த வருஷம் என் மாமனார் இந்தத் திண்ணையில்தான் இருபது ரூபாயை ஆசாரியிடம் எண்ணிக் கொடுத்தார். நான் பார்த்தேன்" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. சொம்பு விற்கப்பட்டது, உலைக்குப் போயிற்று.

பல ஆண்டுகள் கழித்து ஜாடியின் மூக்கருகே மேற்பூச்சுத் தேய்ந்து, மஞ்சள் சாயலில் வேறோர் உலோகம் தலைகாட்டியது. அப்போதுதான் கண்ணாடி வைத்து எழுத்துகளைப் படித்தேன். இ, பி, என், எஸ் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள்! செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகத்தின்மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்பதன் சுருக்கம் அது. இவ்வகை முலாம் பூச்சுக்குப் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840-இல் உரிமை பெற்றனர். அதன்பின் முலாம் பாத்திரங்கள் உலகெங்கும் பரவின. அந்த எழுத்துகளில் பொய் ஒன்றும் இல்லை. அவை உண்மையைத்தான் சொல்லின, நான்தான் படிக்கவில்லை.

இனிச் சொம்பைப் பற்றிப் பார்ப்போம். அக்கால வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-இல்தான் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. என் தந்தையார் பிறந்தது அதற்கு முன்பு. ஆகவே அந்த இருபது ரூபாயும் ஏறக்குறைய இங்கிலாந்துத் தரத்திற்கு அருகில் நிற்கும் வெள்ளி. நாட்டுப்புறத்தில் ஆசாரிகள் பலரும் இவ்வாறு நாணயத்தை உருக்கியே நகையும் பாத்திரமும் செய்தனர். அரசாங்கத்தின் நாணயச் சாலையே அவ்வெள்ளிக்குச் சான்று. ஆனால் உருகும்போது அந்தச் சான்றும் உருகிவிடும். எஞ்சியிருப்பது, கண்டவர் சொல்லும் சொல் ஒன்றே.

ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இந்தியாவில் வெள்ளிக்குக் கட்டாய முத்திரைச் சட்டம் இருக்கவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் தங்கள் பெயரையே பொறித்தனர். தெய்வ உருவங்களைப் புடைப்பாக அமைத்த அவர்களுடைய 'சுவாமி' வேலைப்பாடு பெயர் பெற்றது. கல்கத்தாவின் ஹாமில்டன் நிறுவனத்தார் யானையும் எழுத்தும் கொண்ட முத்திரைகளை ஆங்கிலேய முறையைப் போலவே வரிசையாக அடித்தனர். கட்சு நாட்டுப் பூஜ் நகரத்துச் சிற்பி ஊமர்சி மாவ்ஜி தம் பெயரெழுத்துகளுடன் ஊர்ப்பெயரையும் சேர்த்தார். இவையெல்லாம் செய்தவர் தாமே தரும் வாக்குறுதி. மூன்றாம் மனிதர் சோதித்துத் தரும் சான்று அல்ல. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெள்ளிக்கு ஹால்மார்க் வழங்கத் தொடங்கியது 2005-ஆம் ஆண்டில்தான்.

முத்திரையே சில வேளை நம்மை மயக்குவதும் உண்டு. ஆர்க்காட்டு ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். தாமரை இருந்தால் சென்னையில் ஆங்கிலக் கம்பெனியார் அடித்தது. பிறை இருந்தால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்தது. இது வரையில் தெளிவு. ஆனால் கம்பெனியார் தம் ரூபாயில் ஹிஜிரி 1172 என்ற ஆண்டை மாற்றாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பொறித்து வந்தனர். அது கி.பி. 1758-59-க்குச் சரியான ஆண்டு. ஊரை நேராகச் சொல்லும் நாணயம் காலத்தைக் கோணலாகச் சொல்லுகிறது!

ஆகையால், உங்கள் வீட்டுப் பரணில் பழைய வெள்ளி அகப்பட்டால், முதலில் அதைச் சாம்பலிட்டு அழுந்தத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் முத்திரை மழுங்கும். கண்ணாடி வைத்து ஒவ்வோர் எழுத்தையும் படியுங்கள். பின்பு ஆர்க்கிமிடீஸ் கற்பித்த சோதனையைச் செய்யுங்கள். பாத்திரத்தை நிறுத்து, நீரில் முழுக அமிழ்த்தி, அது விலக்கும் நீரை அளக்க வேண்டும். ரூபாய் வெள்ளியால் ஆன 206 கிராம் பாத்திரம் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் நீரை விலக்கும். அதே எடையுள்ள நிக்கல் கலப்புப் பாத்திரம் 24 மில்லிலிட்டரை நெருங்கும். பள்ளிக்கூடத்து ஆய்வறையில் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை இது. அதை அன்று நான் செய்யவில்லை.

கடைசியாக, அந்தப் பாத்திரம் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். யார் செய்தார், எந்த ஆண்டு, எத்தனை ரூபாய் எடை என்று அவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். முத்திரை இல்லாத வெள்ளிக்கு அந்தக் காகிதமே முத்திரை.

பால் ஜாடி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. தீர்த்தமலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துச் செல்கிறேன். தண்ணீர் அதே தண்ணீர்தான். ஆனால் பாறையின் கீழே சொம்பை ஏந்தி நிற்கும்போது, பாட்டியார் சொன்ன "நான் பார்த்தேன்" என்ற சொல் என் காதில் விழாமல் இருப்பதில்லை.