மார்போடு அணைத்த தலையணை

உடப்புசல்லாவைத் தோட்டத்திலிருந்து சென்று கண்டியிலோ கொழும்பிலோ இதய அறுவை சிகிச்சை பெற்ற தொழிலாளிக்கு, அதன் பின் வரும் இருமலே பெரும் அச்சம். பிளந்து கம்பியால் இணைத்த மார்பெலும்பு நோகுமென்று அதை அடக்குகிறார். அடக்கினால் நுரையீரலில் சளி தேங்கும். தலையணையை மார்போடு அணைத்து இருமக் கற்பிப்பவர் தாதியே. அதைத் தமிழிற் சொன்னால் பாதி நோவு அகலும்!

உடல், உள்ளம், சூழல், சுற்றம் என்னும் நான்கிலும் ஆறுதல் வேண்டுமென்று அமெரிக்கத் தாதி காதரின் கொல்காபா 1990களில் வகுத்துரைத்தார். லயத்துக் குளிருக்கு ஒரு கம்பளியும் அதில் அடங்குமன்றோ?

எலும்பு கூட ஏறத்தாழ 6 முதல் 8 வாரம் செல்லும். மருத்துவர் இசையும்வரை கொழுந்துக் கூடை ஆகாது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாதென்று அவர் முந்திப் புறப்படக்கூடும். ஆகவே தாதி இதனை வீட்டாரிடமும் சொல்லி அனுப்புதல் வேண்டும்.